ஆலைச் சங்கும் சட்டப் புத்தகமும் – 7: பாடகியின் வழக்கு

பகல் உணவுக்கு விட்ட அரைமணி நேரம் போதவில்லை என்ற எளிய முறையீட்டிலிருந்து ஒரு பெரிய ஸ்தாபனம் முளைத்தெழுந்த கதையைச் சென்ற வாரங்களில் கண்டோம். அம்முறையீட்டைக் காது கொடுத்துக் கேட்ட பெரம்பூர் வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும், அடையாற்றில் அன்னி பெஸண்ட் அம்மையாருடன் பிரம்மஞான சபைப் பணியிலும் சுயாட்சிக் கிளர்ச்சியிலும் ஈடுபட்டிருந்த பி. பி. வாடியா என்னும் பார்ஸிக் கனவானை நாடிச் சென்றதும், 1918 ஏப்ரல் மாதத்தில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உதித்ததும், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அதில் தோள் கொடுத்து நின்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

பிறந்த வருஷத்திலேயே கதவடைப்பு என்னும் கண்டத்தைக் கடந்த அச்சங்கம், 1920-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில் அதனினும் பெரிய கண்டம் ஒன்றை எதிர்நோக்கி நின்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம்.

இந்த வாரம் வரும் ஆபத்துக்குக் கையில் தடியில்லை. தலையில் சிவப்புத் தலைப்பாகையில்லை. அது காகித வடிவில், முத்திரையோடு வந்தது.

* * *

1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் ஆலைக்குள் எழுந்த ஒரு பூசல், இரு தரப்பாரும் சிறிது பொறுமை காட்டியிருந்தால் ஒரு வாரத்தில் ஓய்ந்திருக்கக் கூடியது, நிர்வாகத்தின் கதவடைப்பில் போய் முடிந்தது. பின்னி கம்பெனியாரின் ஆளுகையிலிருந்த பக்கிங்ஹாம், கர்னாடிக் என்னும் இவ்விரு ஆலைகளிலும் ஏறத்தாழ 10,000 பேர் உழைத்து வந்தனர். ஐரோப்பிய மகாயுத்த காலத்தில் பட்டாளத்துக்கு வேண்டிய காக்கித் துணியை மலைமலையாக நெய்து கொடுத்துப் பேரும் பொருளும் ஈட்டிய ஆலைகள் அவை. அத்தகைய ஆலையின் சங்கு ஊதாமல் நின்றுவிட்டால் பெரம்பூரும் பட்டாளமும் ஓட்டேரியும் புளியந்தோப்பும் எப்படி விழித்தெழும் என்பதை அப்பகுதியில் வாழ்ந்தவர்களைக் கேட்டாலன்றி அறிய முடியாது.

ஐப்பசி மழை பிறந்தது. மளிகைக் கடைக்காரன் கடன் கொடுப்பதை நிறுத்தினான். ஆயினும் தொழிலாளர் அசையவில்லை.

விந்தை என்னவென்றால், அந்த அக்டோபர் 31-ஆம் தேதியன்றுதான் பம்பாயில் லாலா லஜபதி ராயின் தலைமையில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் முதன்முதலாகக் கூடியது. ஜினீவாவின் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்துக்கு இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதியென்று ஒருவரை அனுப்ப வேண்டுமானால், அவரைப் பொறுக்கி அனுப்புவதற்கு ஒரு மகாசபை வேண்டுமென்ற அவசியமும் அதன் பிறப்புக்கு ஒரு காரணம். ஆக, உலக அரங்கில் இந்தியத் தொழிலாளிக்கு ஓர் ஆசனம் போடப்பட்ட மாதத்தில், சென்னையில் அவனுக்கு ஆலையின் வாசலே அடைக்கப்பட்டிருந்தது.

டிசம்பர் வந்தது. கம்பெனியார் வேலைக்கு வர இசைந்தவர்களை மோட்டார் லாரிகளில் ஏற்றிப் போலீஸ் காவலுடன் உள்ளே கொண்டுபோக முற்பட்டனர். தெருவில் கூட்டம் கூடியது, கல் பறந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்ச்சேதம் நேர்ந்தது. இந்த இரத்தத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். ஆனால் சங்கத்தைப் பணிய வைத்தது துப்பாக்கி அன்று என்பதே என் துணிபு. பிணங்களைச் சுமந்து சென்ற ஜனங்கள் முன்னிலும் உறுதியாகவே திரும்பி வந்தார்கள். பணிய வைத்தது வேறு.

நியாயஸ்தலம் பேசியது

பின்னி கம்பெனியார் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு வழக்குத் தொடர்ந்தனர். வாடியாவும் சங்கத்தின் ஏனைய தலைவர்களும் பிரதிவாதிகள். கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடையே வேலை ஒப்பந்தம் உண்டு. அந்த ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டிக் கம்பெனிக்கு நஷ்டம் விளைவித்தவர்கள் இவர்கள். ஆகவே அந்த நஷ்டத்தை இவர்கள் தங்கள் கைப்பொருளிலிருந்து ஈடு செய்ய வேண்டும். வழக்கு முடியுமட்டும் இவர்கள் வாய் திறவாதபடி தடுக்கவும் வேண்டும். வழக்கின் சாரம் இவ்வளவே.

நியாயஸ்தலம் இடைக்காலத் தடையுத்தரவைப் பிறப்பித்தது.

அவ்வுத்தரவின் பொருளைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்த நெசவாளியை அது ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பாதிருக்கும்படி அவனுக்குச் சொல்லும் தலைவரைத்தான் அது கட்டியது. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, ‘நாளைக்கு எவரும் உள்ளே போக வேண்டாம்’ என்று ஒரு தலைவர் சொன்னால், அது கோர்ட்டை அவமதித்த குற்றம், சிறை. ‘ஒற்றுமையாக இருங்கள்’ என்று மட்டும் சொன்னால்? அதுவும் மறைமுகமான தூண்டுதல்தான் என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் வாதிக்க இடமுண்டு. ஒன்றுமே பேசாமல் மேடையில் அமர்ந்திருந்தால், கூட்டம் எதற்கு, சங்கம் எதற்கு, தலைவர்தாம் எதற்கு?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கதவை முதலில் அடைத்தவர் கம்பெனியார். அடைத்த கதவைத் தமக்கு இசைந்த வேளையில், தமக்கு இசைந்த நிபந்தனையோடு திறந்து, ‘வருகிறவன் வரலாம்’ என்றவரும் அவரே. அந்த நிபந்தனையை ஏற்காதே என்று தொழிலாளியிடம் சொல்வது ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவதாகும் என்றால், அடைக்கும் உரிமையும் திறக்கும் உரிமையும் ஒரு கையில் இருக்க, மறு கைக்கு வாயைப் பொத்திக்கொள்ளும் கடமை ஒன்றே மிச்சமாகிறது.

ஆனால் நீதிபதிகளை நொந்து பயனில்லை. அவர்கள் இச்சட்டத்தைப் புதிதாகப் படைக்கவில்லை. இது எங்கிருந்து வந்தது என்பதை அறிய நாம் பெரம்பூரை விட்டு லண்டன் மாநகரத்து நாடகசாலைகளுக்குள் நுழைய வேண்டும்.

லண்டனில் ஒரு சங்கீதக் கச்சேரி

1852-ஆம் வருஷம். யோஹானா வாக்னர் என்னும் ஜெர்மானியப் பாடகி, பெஞ்சமின் லம்லி என்பவர் நடத்தி வந்த நாடகசாலையில் மூன்று மாத காலம் பாடுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தாள். பெரிய சங்கீத மேதையான ரிச்சர்ட் வாக்னரின் சகோதரர் வீட்டுப் பெண் அவள். அவள் குரலுக்கு ஐரோப்பா முழுதும் கிராக்கி. கவெண்ட் கார்டன் நாடகசாலையை நடத்திய ஃபிரெடரிக் கை என்பவர் அதிகத் தொகை தருவதாகச் சொல்லி அவளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். லம்லி பாடகியோடு நில்லாமல் அவளை இழுத்த கை மீதும் வழக்காடினார். ஒருவனுடைய ஒப்பந்தத்தை வேண்டுமென்றே மீறத் தூண்டுகிற மூன்றாம் மனிதன் நஷ்டஈட்டுக்குப் பாத்தியப்பட்டவனே என்று 1853-இல் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் விதித்தனர்.

பின்னர் விசாரணை ஜூரிகளிடம் சென்றபோது அவர்கள் கை பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள் என்பதும், லம்லிக்குக் காசு ஒன்றும் கிட்டவில்லை என்பதும் வேறு விஷயம். விதி நிலைத்துவிட்டது. இரண்டு பணக்காரர்கள் ஒரு பாடகிக்காகப் போட்ட சண்டையில் பிறந்த விதி, அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், பாட்டும் அறியாத, பாடகியின் பெயரும் அறியாத பெரம்பூர் நெசவாளியின் தலைவர்மேல் வந்து விழுந்தது.

அப்படியானால் இங்கிலாந்துத் தொழிலாளர் இந்த விதியோடு எப்படி வாழ்ந்தார்கள்? அவர்களும் அடிபட்டார்கள். தென் வேல்ஸில் டாஃப் வேல் ரயில்வே ஊழியர்கள் 1900-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதனால் விளைந்த நஷ்டத்துக்குச் சங்கமே பொறுப்பாளியென்று 1901-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கடைசியில் 23,000 பவுன் நஷ்டஈடும் அதற்கு மேல் செலவுத் தொகையும் சங்கத்தின் தலையில் விழுந்தன. உறுப்பினர்கள் பென்ஸ் பென்ஸாகச் சேர்த்த பணம் அது. ஆனால் அவர்களிடம் ஓட்டு இருந்தது. புதிதாக எழுந்த தொழிற்கட்சி அந்தத் தீர்ப்பின் சூட்டிலேயே பலம் பெற்றது; 1906-ஆம் வருஷத்துத் தேர்தல் முடிந்த கையோடு பார்லிமெண்ட் தொழில் தகராறுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. தொழில் தகராறு ஒன்றை முன்னிட்டுச் செய்யப்படும் செயல், ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறது என்ற காரணத்தினால் மாத்திரம் வழக்குக்கு இடமாகாது என்று அச்சட்டம் சொல்லிவிட்டது.

நோய் அங்கே பிறந்தது. மருந்தும் அங்கேயே கண்டுபிடிக்கப்பட்டது. நோயைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள்; மருந்தைத் துறைமுகத்திலேயே இறக்கி வைத்துவிட்டார்கள்.

ஆங்கில நீதிமன்றங்கள் வகுத்த பொதுநியாயம் இந்திய ஹைகோர்ட்டுகளில் செல்லுபடியாயிற்று. ஆனால் அந்த நியாயத்தைத் திருத்திய 1906-ஆம் வருஷத்துச் சட்டம் இங்கிலாந்துக்கு மட்டுமே உரியது. இந்தியச் சட்டசபை அத்தகைய சட்டமொன்றை இயற்றவில்லை. நம் நாட்டில் தொழிலாளியைப் பற்றிச் சட்டப் புத்தகம் அறவே மௌனமாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் 1859-ஆம் வருஷத்துச் சட்டம் அப்போதும் உயிரோடிருந்தது. இருவர் மூவர் கூடித் திட்டமிடுவதையே குற்றமாக்கும் சதிக் குற்றப் பிரிவு, 1913-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. சங்கம் என்ற சொல்லைத்தான் சட்டம் அறியாது.

ஜனவரி உடன்படிக்கை

வாடியாவின் நிலைமையை எண்ணிப் பார்க்கிறேன். ஓராண்டுக்கு முன்பு வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மகாநாட்டில், பிரதிநிதியாகச் சென்ற என். எம். ஜோஷிக்கு ஆலோசகராய் அமர்ந்து, இந்தியத் தொழிலாளியின் வேலை நேரத்தைப் பற்றி உலகத்தோடு வாதாடியவர் அவர். அதற்கு முன் 1917-இல், பெஸண்ட் அம்மையாருடனும் அவருடைய சகாவான அருண்டேலுடனும் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டவர். சிறைக்கு அஞ்சுபவர் அல்லர்.

ஆனால் இந்த வழக்கு கேட்டது அவருடைய தைரியத்தை அன்று. வழக்கு நடந்து தீர்ப்பு எதிராகப் போனால், ஒரு பெரிய தொகை அவர் தலைமேலும், அவரோடு நின்ற சிறு வியாபாரிகள், பத்திரிகாசிரியர்கள் தலைமேலும் விழும். வழக்கு நடக்குமட்டும் ஆலை திறக்காது; மூன்றாம் மாதத்தை எட்டிக்கொண்டிருந்த பட்டினி நான்காவது ஐந்தாவது மாதங்களுக்கும் நீளும். மேடையேறிப் பேசினால் அவமதிப்பு. பேசாவிட்டால் தொழிலாளர் கலைந்துபோவர்.

1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. வாடியா சங்கத்தோடு தமக்குள்ள தொடர்பைத் துறக்க வேண்டும். தொழிலாளர் வேலைக்குத் திரும்ப வேண்டும். கம்பெனியார் வழக்கைக் கைவிடுவர். இதைச் சரணாகதி என்று அன்று சிலர் தூற்றினர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு மனிதனை விலையாகக் கொடுத்துப் பதினாயிரம் குடும்பங்களின் அடுப்பை மீட்ட பேரம் அது. இழிவு அந்தப் பேரத்தை அவசியமாக்கிய சட்டத்துக்கே உரியது. வாடியா அதன்பின் தொழிலாளர் இயக்கத்தின் தலைமைக்குத் திரும்பவேயில்லை. 1922-இல் பிரம்மஞான சபையையும் துறந்து வேறு வழியில் ஞானத்தைத் தேடிப் போய்விட்டார்; பெங்களூரில் முதுமையைக் கழித்தார். சங்கத்தின் பாரம் திரு. வி. க. போன்றோர் தோளில் இறங்கியது.

ஓர் எண்ணம் குறுக்கிடுகிறது. சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். சங்கத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஆலையில் தறி ஓட்டியவர் எவரும் இல்லையே, எல்லாரும் வெளியார்தாமே என்று துரைமார்கள் குறை கூறுவது அக்காலத்து வழக்கம். குறை மெய்தான். ஆனால் ஆலைத் தொழிலாளி ஒருவன் தன் பெயரைத் தலைவனென்று போட்டுக்கொண்டால் மறுநாள் காலை அவனுக்கு ஆலையில் வேலை இருக்குமா என்பதை அவர்கள் சொல்வதில்லை. வேலையிழக்க வேலையே இல்லாதவர்கள்தாம் தலைமை தாங்க முடிந்தது. அந்தத் தலைமையையும் வெட்டி வீழ்த்த, பாடகியின் வழக்கு பயன்பட்டது.

டெல்லியில் மார்ச் முதல் தேதி

பெரம்பூரில் தோற்ற விஷயம் டெல்லியில் எழுந்து நின்றது.

மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி புதிதாக அமைந்த மத்திய சட்டசபை அந்த வருஷத் தொடக்கத்தில்தான் கூடத் தொடங்கியிருந்தது. அதில் தொழிலாளர் சார்பில் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்ட அங்கத்தினர் என். எம். ஜோஷி, இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர், மேடையில் இடி முழக்கம் செய்யாதவர், புள்ளி விவரமும் பொறுமையுமே ஆயுதமாகக் கொண்டவர். 1921 மார்ச் 1-ஆம் தேதி அவர் ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். தொழிற்சங்கங்களைப் பதிவு செய்வதற்கும், சங்கங்களுக்கும் அவற்றின் நிர்வாகிகளுக்கும் பாதுகாப்பு அளிப்பதற்கும் அரசாங்கம் சட்டம் கொண்டுவர வேண்டும் என்பது அதன் கருத்து. ‘நிர்வாகிகளுக்கும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னையில் அடிபட்டவர் யாரென்று ஜோஷி அறிவார்.

தீர்மானம் நிறைவேறியது. அரசாங்கமும் எதிர்த்து நிற்கவில்லை.

பிறகு? பிறகு மாகாண அரசாங்கங்களின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. முதலாளிமார் சபைகள் தத்தம் ஆட்சேபங்களை எழுதின. கோப்பு டெல்லியிலிருந்து சிம்லாவுக்கும் சிம்லாவிலிருந்து டெல்லிக்கும் வெயிலுக்கும் குளிருக்கும் தக்கபடி யாத்திரை செய்தது. 1925-இல் மசோதா சபைக்கு வந்தது; 1926 மார்ச் 25-இல் சம்மதம் பெற்றுச் சட்டமாயிற்று; 1927 ஜூன் 1-ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. தீர்மானத்துக்கும் அமலுக்கும் இடையே ஆறேகால் வருஷம்.

அந்தச் சட்டத்தை விரித்துப் பேச ஒரு தனி வாரம் வரும். இங்கே அதன் 18-ஆவது பிரிவை மட்டும் தொட்டுக் காட்டுகிறேன். பதிவு பெற்ற சங்கத்தின் மீதோ, அதன் நிர்வாகி மீதோ, உறுப்பினர் மீதோ, தொழில் தகராறை முன்னிட்டுச் செய்த செயல் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறது என்ற காரணத்தை மாத்திரம் கொண்டு எந்த சிவில் கோர்ட்டிலும் வழக்குச் செல்லாது என்றது அப்பிரிவு. வாடியாவின் மீது போட்ட வழக்கின் வாசகத்தை எடுத்து, அதன் எதிரே ‘செல்லாது’ என்று எழுதியதுபோல் இருந்தது அது. அதற்கு முந்திய 17-ஆவது பிரிவு சதிக் குற்றச்சாட்டிலிருந்து காத்தது. ஆனால் 22-ஆவது பிரிவில் துரைமாரின் பழைய குறையும் இடம் பிடித்துவிட்டது: நிர்வாகிகளில் பாதிப்பேருக்குக் குறையாமல் அந்தத் தொழிலில் உள்ளவர்களாகவே இருக்க வேண்டும் என்று அது விதித்தது. கொடுத்த கை கொஞ்சம் பிடித்தும் வைத்துக்கொண்டது. பதிவு பெற்ற சங்கத்தோடு முதலாளி பேசியே தீரவேண்டும் என்ற சொல்லோ அன்றைய அச்சட்டத்தில் எங்கும் இருக்கவில்லை.

* * *

இவையெல்லாம் பின்னால் வருபவை. 1921 மார்ச்சில் பெரம்பூர்த் தொழிலாளியின் கையில் இருந்தது டெல்லித் தீர்மானத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்தி ஒன்றுதான். தலைவர் போய்விட்டார். சட்டம் வரவில்லை. பின்னி கம்பெனியாரின் வழக்கு நிறுத்தப்பட்டதே அன்றி, அவ்வழக்குக்கு இடம் கொடுத்த விதி அப்படியே இருந்தது. நாளைக்கு வேண்டுமானால் திரு. வி. க. மீதும் அதையே தொடுக்கலாம்.

மே மாதம் 20-ஆம் தேதி கர்னாடிக் ஆலையின் நூற்புப் பகுதியில் வேலை நின்றது. ஜூன் மாதத்தில் பக்கிங்ஹாம் ஆலையும் அதைத் தொடர்ந்தது. இரண்டு ஆலைகளின் சங்குகளும் ஒருசேர அடங்கின.

இம்முறை கம்பெனியார் நியாயஸ்தலத்தின் படியேற வேண்டிய அவசியம் நேரவில்லை. தொழிலாளருக்குள்ளேயே ஒரு பிளவு இருந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர், ஒரு மாதம் கூலியில்லாவிட்டால் முதலில் பட்டினி கிடப்பது தங்கள் சேரிகளே என்பதைச் சென்ற குளிர்காலத்தில் அனுபவித்து அறிந்திருந்தனர். கூட்டத்தில் தங்களைச் சகோதரரே என்று விளித்தவர்களில் எத்தனை பேர் கூட்டம் கலைந்த பின் தங்கள் தெருவுக்கு வந்தார்கள் என்பதையும் எண்ணி வைத்திருந்தனர். அவர்கள் ஆலைக்குள் திரும்பிச் செல்லத் தொடங்கியபோது, புளியந்தோப்பில் குடிசைகள் தீப்பற்றின.

தலைவரைக் காக்கும் சட்டம் ஒன்று இருந்திருந்தால் இந்த நெருப்பை அது அணைத்திருக்குமா? அல்லது, எந்தச் சட்டசபையும் இயற்ற முடியாத ஒன்றை, சேரிக்காரனும் தெருக்காரனும் சேர்ந்து ‘எங்கள் சங்கம்’ என்று சொல்லும் உரிமையை, பெரம்பூர் மூன்று ஆண்டுகளில் அவர்களுக்குக் கொடுத்திருந்ததா, இல்லையா?

(தொடரும்)